கவிழ்ந்த சிரட்டைகள்

“நான் கொண்டு வரச் சொன்னேன் அக்கா, களவெடுத்துக்கிட்டு வரச் சொல்லல—”

“களவுன்னு நான் சொன்னேனா? அங்க என்னையத்தான் கள்ளின்னு—”

“கொஞ்சம் மெதுவா, பக்கத்துல வகுப்பு—”

“—கள்ளின்னு எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு மணிக்கு விசாரண. நீங்க மெதுவாங்கிறீங்க.”

அருள்செல்வியின் விரலுக்குள் இருந்த வெண்கட்டி உடைந்து ஒரு துண்டு கீழே விழுந்தது. அவள் குனியவில்லை. அந்தத் தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் நிறையவில்லை. எஹலியகொடவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொழுந்தைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வாள். றப்பர் அவளுக்குப் புத்தகத்தில் வந்த மரம்.

எதிரே நின்ற எஸ்தருக்கு அது பதினாறு வருடமாகக் கையோடு வந்த மரம். எட்டாம் நம்பர் மலையில் இருநூற்றெண்பது மரம் அவள் பொறுப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் ஏறி, கத்தியால் பட்டையைக் கீறிப் பால் வெட்டுவாள். அவளுடைய மகள் ஜெனிட்டா ஏழாம் வகுப்பில் அருள்செல்வியிடம் படிக்கிறாள். முன் வாங்கில் உட்காருகிறவள், கேட்குமுன்னே கை தூக்குகிறவள்.

நடந்தது செவ்வாய்க்கிழமை, அதாவது நேற்று. ஏழாம் வகுப்புக்கு அமிலம் பற்றிய செய்முறை. புத்தகத்தில் பசுப்பாலும் வினாகிரியும் போட்டிருந்தது. இந்த ஊரில் எந்தப் பிள்ளை பசுப்பால் கொண்டு வரும்? ஜன்னலைத் திறந்தால் றப்பர் மரம். ஆளுக்கொரு யோகட் கப் றப்பர் பால் வீட்டில் கேட்டு வாங்கி வாருங்கள் என்று முதல்நாளே சொல்லி விட்டிருந்தாள். முப்பத்தொரு பிள்ளைகளும் கொண்டு வந்தார்கள். கொப்பியை மறக்கிற பிள்ளைகள், அடிமட்டத்தை மறக்கிற பிள்ளைகள், அன்றைக்கு ஒருவர்கூட மறக்கவில்லை. அவளுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சந்தோஷமாக இருந்துவிட்டாள். ஒரு வரிசைக்குத் தேசிக்காய் பிழிந்த புளி, ஒரு வரிசைக்கு வினாகிரி, ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர். எந்தப் பால் முதலில் திரள்கிறது என்று நேரம் பார்த்து எழுதினார்கள். திரண்டதைப் பிழிந்து உருட்டிப் பந்தாக்கி, எது எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று சுவரில் கோடு போட்டு அளந்தார்கள். தண்ணீர் ஊற்றிய வரிசைக்கும் பிறகு புளி கொடுக்க வேண்டியதாயிற்று. தங்களுக்கு மட்டும் பந்து இல்லையென்று அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே காலையில் பத்தரை மணிக்கு எஸ்தர் வாளியோடு பால் சேர்க்கப் போனாள். பாடசாலைப் பாதையை ஒட்டி, அவளுடைய மரங்களில் மூன்றில் ஒரு பங்கில், பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை வெறுமையாக, கவிழ்ந்து கிடந்தது. வழக்கமாக இருபத்துநான்கு லீற்றர் கொண்டுபோகிறவள் பதினாறோடு போய் நின்றாள்.

யாரோ முன்னமே பாலை எடுத்துவிட்டார்கள் என்று அவள் சொன்னதை, தோட்டத்து வெளிவேலைகளுக்குப் பொறுப்பான அலன் ஐயா நம்பவில்லை. அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. பால் சேர்த்து முடித்த சிரட்டையை மழைத்தண்ணீரும் சருகும் விழாமல் கவிழ்த்து வைப்பது வெட்டுகிறவளின் வேலை. கவிழ்ந்த சிரட்டை என்றால் இந்த மரத்துப் பாலை நான் எடுத்துவிட்டேன் என்று அவள் வைத்த அடையாளம். வெளியாள் வந்தால் ஊற்றிக்கொண்டு ஓடுவான். கள்ளன் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டா போவான் என்று அவர் கேட்டார். ரோட்டோரத்தில் யாரோ கேன் வைத்துக் களவுப் பால் வாங்குகிறார்கள் என்ற கதை ஒரு மாதமாகவே தோட்டத்தில் உலவியது. கீழ் டிவிசனில் இரண்டு பேருக்கு அதனாலேயே வேலை போயிருந்தது. வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் பின்னாலேயே போகும். நாளைக்குக் கத்தி எடுக்க வேண்டாம் என்று இன்றைக்குக் காலையில் எஸ்தரிடம் சொல்லிவிட்டார்கள்.

நேற்றிரவு ஜெனிட்டாவின் பையிலிருந்து விழுந்து அடுப்படி வரைக்கும் துள்ளிப்போன வெள்ளைப் பந்தைத்தான் எஸ்தர் இப்போது மேசைமேல் வைத்திருந்தாள். டீச்சர் கேட்டாங்க, எல்லாரும் கொண்டு போனோம் என்று மகள் சொன்னாளாம். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. விடியும் வரை காத்திருந்து இங்கே வந்துவிட்டாள்.

“வந்து சொல்லுங்க டீச்சர். புள்ளைங்கதான் எடுத்துச்சு, நான் கேட்டேன், அதனால எடுத்துச்சுன்னு. அந்த ஒரு வார்த்த போதும்.”

அருள்செல்வி மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். பிறகு அந்தப் பக்கம் போனாள். அவளுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அவளால் நிறுத்த முடியவில்லை. யோகட் கப் ஒன்று எண்பது மில்லிலீற்றர்.

“முப்பத்தொரு கப்பையும் சேத்தாலும் ரெண்டரை லீற்றர்தான் வருது அக்கா. எட்டு லீற்றர் கொறையுதுன்னா... மிச்சம் எங்க?”

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. எஸ்தர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்ப நீங்களும் கேக்குறீங்க,” என்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். பந்தை எடுக்கவில்லை.

அதிபர் நிலாம் சேர் வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார். மாவனெல்லையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற மனிதர். யாரோடும் பகைக்காமல் ஓய்வு பெறவேண்டும் என்பது அவருடைய ஒரே விண்ணப்பம். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, அவர் தாழ்ந்த குரலில் நிறையச் சொன்னார். பாடசாலைக்குத் தண்ணீர் தோட்டத்துத் தாங்கியிலிருந்து வருகிறது, விளையாட்டுத் திடல் தோட்டத்து நிலம், தோட்டத்தை நடத்துகிற துரை மனம் வைத்தால்தான் அடுத்த கட்டடம். டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தோட்டத்துப் பாலை எடுக்கப் பிள்ளைகளைத் தூண்டியதாக வலயக் கல்விக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் போனால் போதும்.

அருள்செல்வி, எஸ்தரக்காவின் வேலை என்னாவது என்று கேட்டாள்.

“யூனியன் ஈக்கிதானே, அவங்க பேசுவாங்க. நீங்க பேச ஏலா டீச்சர். நீங்க வாயத் தொறந்தா நாங்க முழுப் பேரும் அதுக்குள்ள.”

யூனியன் தலைவர் காலை பஸ்ஸிலேயே யட்டியாந்தோட்டைக்குப் போய்விட்டதை இருவரும் அறிவார்கள். மணி பத்து இருபது. அருள்செல்வி வகுப்புக்குப் போனாள்.

ஜன்னல் விளிம்பில் பந்துகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றின் கீழும் பெயரெழுதிய கடதாசி. நேற்று வெள்ளையாக இருந்தவை ஓரங்களில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அவள் பாடத்தைத் தொடங்கவில்லை. நேற்றுக் கொண்டு வந்த பாலை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

கோபிக்க மாட்டேன் என்றாள். அதை நம்புகிற அளவுக்கு அவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. கடைசியில் பின் வாங்கிலிருந்து நுஸ்கா எழுந்தாள். பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் கபூரின் மகள், வீட்டில் ஒரு றப்பர் மரமும் இல்லாதவள். மரத்தில்தான் எடுத்தோம் டீச்சர், வழியில், எல்லாரும், என்றாள். அதன் பிறகு எல்லாரும் சேர்ந்து பேசத் தொடங்கினார்கள். வீட்டில் கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு வருகிற வழியில் மரத்துக்கு மரம் சிரட்டை தொங்கியது. அந்த நேரத்தில் சிரட்டையில் பால் கொஞ்சம்தான் விழுந்திருக்கும். ஒரு மரத்தில் கப் நிரம்பவில்லை. இரண்டு மரத்திலும் நிரம்பவில்லை. ஆளுக்கு மூன்று மரம்.

“எடுத்த பிறகு சிரட்டைய என்ன செஞ்சீங்க?”

“கவுத்தி வச்சோம் டீச்சர்.”

எல்லாக் குரலும் ஒன்றாக வந்தது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒழுங்காகச் செய்தோம், எறிந்துவிட்டு வரவில்லை என்கிற பெருமை.

“யாரு அப்பிடி வைக்கச் சொன்னது?”

“ஜெனிட்டா சொன்னா. அவங்கம்மா அப்பிடித்தான் வைப்பாங்களாம். இல்லாட்டிக் குப்பை விழுமாம்.”

முன் வாங்கில் ஜெனிட்டா அடிமட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நேற்று அவள் வீட்டில் என்ன பேசினார்களோ, இன்றைக்கு அவள் கை தூக்கவேயில்லை. மழைக்காலத்தில் தாயோடு மலைக்குப் போய்ப் பழகிய பிள்ளை. தனக்குத் தெரிந்த நல்ல பழக்கத்தை முப்பது பேருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

வெட்டின மரம் பத்து மணி வரைக்கும் சொட்டும். ஏழு மணிக்குச் சிரட்டையைக் கவிழ்த்தால் மிச்சப் பால் அத்தனையும் சிரட்டை முதுகில் விழுந்து வழிந்து மண்ணுக்குப் போகும். முப்பத்தொரு பிள்ளை, தொண்ணூற்று மூன்று மரம். அருள்செல்வி கரும்பலகையின் மூலையில் எழுதிப் பெருக்கினாள், அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். கப்பில் போனது இரண்டரை. மண்ணில் போனது ஐந்தரை. அந்த எட்டு லீற்றர் இங்கேதான் இருந்தது. எஸ்தரிடம் தான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து அவளுக்குக் காது சுட்டது.

சொன்னால் மட்டும் நம்புவார்களா? டீச்சர் அந்தப் பொம்பிளைக்காகப் பேசுகிறாள் என்பார்கள். வெளியே பார்த்தாள். மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நேற்றைக்கு ஏமாற்றிய மழை இன்றைக்குப் பகலிலேயே விழும்போலிருந்தது. விழுந்தால் மரத்தடியில் உறைந்து கிடப்பதெல்லாம் சேறாகிவிடும்.

“எழும்புங்க,” என்றாள். “கொப்பியும் பென்சிலும் போதும். வெளிக்கள ஆய்வு.”

பாடசாலைப் படலையில் நிலாம் சேர் வழி மறித்தார். எங்கே என்று கேட்டார். விஞ்ஞானம் என்றாள். அவர் பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், திரும்பிக் காரியாலயத்துக்குள் போனார். தான் பார்க்கவில்லை என்று பிற்பாடு சொல்வதற்கு வசதியாக இருக்கட்டும் என்றிருக்கும்.

எட்டாம் நம்பர் மலையில் காற்று சருகுகளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. நீங்கள் எடுத்த மரத்தடியில் போய் நில்லுங்கள் என்றாள். பிள்ளைகள் தயங்காமல் போய் நின்றார்கள். மூன்று மரம் என்பதால் முதல் மரத்தில் கொப்பியையும் இரண்டாவதில் செருப்பையும் வைத்துவிட்டு மூன்றாவதில் தாங்கள் நின்றார்கள். எண்ணினார்கள். தொண்ணூறு வந்தது. மறுபடி எண்ணியதும் தொண்ணூற்று மூன்று வந்தது. தான் ஒரு மரத்தை மறந்துவிட்டதாக ஒருத்தி ஒப்புக்கொண்டாள், இன்னும் இரண்டு பேர் தலையைச் சொறிந்தார்கள்.

கவிழ்ந்த சிரட்டையின் முதுகில் உறைந்த பால் தோல்போலப் படிந்திருக்கும். எஸ்தர் பத்தரைக்கு மேல் கவிழ்த்த மரங்களில் அது மெல்லிசாக, நகத்தால் சுரண்டினால் வருகிற அளவு. பிள்ளைகள் கவிழ்த்ததில் கையால் பிடித்து இழுத்தால் தொப்பிபோலக் கழன்று வந்தது, கீழே பட்டையோடும் மண்ணோடும் நீளமான வாலாகத் தொடர்ந்தது. பிள்ளைகள் கவிழ்த்த பாதை ஓரத்து மரம் பத்து, எஸ்தர் கவிழ்த்த மேட்டுப் பக்கத்து மரம் பத்து என்று அருள்செல்வி பிரித்தாள். சிரட்டை முதுகில் இருந்ததையும் மரத்தடியில் கிடந்ததையும் உரித்து, சருகைத் தட்டி, மரத்துக்கு ஒரு உருண்டையாக உருட்டச் சொன்னாள். முதல் பத்தும் எலுமிச்சைப் பிரமாணம் வந்தன. மற்றப் பத்தும் கடலையளவைத் தாண்டவில்லை. எந்த மரம் என்று துண்டுக் கடதாசியில் எழுதி ஒவ்வொன்றோடும் சுற்றினார்கள். ஒருவன் இரண்டு உருண்டையைக் கலந்துவிட்டான் என்று சண்டை வந்தது. இரண்டையும் தூக்கிப்போட்டுவிட்டு வேறு இரண்டு மரத்துக்கு ஓடினார்கள்.

முதல் துளி விழுந்தபோது மணி ஒன்று பத்து.

வகுப்பைப் பக்கத்து வகுப்பு டீச்சர் மஹ்மூதாவிடம் விட்டுவிட்டுப் போகும்போது, உருண்டைகளைக் கட்டிய இரண்டு பையையும் தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஜெனிட்டா கேட்காமலே வந்து எடுத்துக்கொண்டாள். தாயைப் பார்க்கட்டுமே என்று அருள்செல்வியும் விட்டுவிட்டாள். குடைக்குள் இருவரும் ஒட்டியபடி இறங்கினார்கள். பாதி வழியில் ஜெனிட்டா கேட்டாள்: “அம்மாவுக்குக் கத்தி திருப்பிக் குடுப்பாங்களா டீச்சர்?” கொடுப்பார்கள் என்று அருள்செல்வி சொன்னாள். சொல்லிவிட்டு நடையைக் கூட்டினாள்.

விசாரணை நடந்த, பால் நிறுக்கிற கொட்டகையில் அமிலத்தின் காட்டம் மூக்கைத் தாக்கியது. அலன் ஐயா மேசைக்குப் பின்னால் இருந்தார். காவற்காரரும் டிவிசன் கிளாக்கரும் பக்கத்தில். எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள்; வாங்கு இருந்தது, இருக்கச் சொல்லவில்லை போலும். அருள்செல்வி வருவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அருள்செல்வி வழியெல்லாம் யோசித்து வைத்த முன்னுரையை விட்டுவிட்டாள். பால் கேட்டது நான்தான் என்று தொடங்கினாள். பிள்ளைகள் மரத்தில் எடுத்தார்கள், தொண்ணூற்று மூன்று மரம், ஏழு மணிக்கு, கவிழ்த்தும் வைத்தார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஜெனிட்டாவிடமிருந்து பையை வாங்கி உருண்டைகளை மேசைமேல் இரண்டு வரிசையாக வைத்தாள். இது பாதை ஓரம், இது மேடு. எல்லாமே ஒரே நாள் வெட்டு, ஒரே கை. கவிழ்த்த நேரம் மட்டும்தான் வித்தியாசம்.

கிளாக்கர் சிரித்தார். இஸ்கோலைப் பிள்ளைகள் விளையாடின சாமானை எல்லாம் சாட்சியென்று எடுக்கிறதா என்று கேட்டார். அலன் ஐயா சிரிக்கவில்லை. அவரும் பால் வெட்டினவரின் மகன்தான். ஒரு பெரிய உருண்டையை எடுத்துப் பிளந்து முகர்ந்தார். ஒரு சிறியதை எடுத்துப் பிளந்தார். பிறகு எல்லாவற்றையும் வரிசை வரிசையாகத் தராசில் வைத்தார். எழுதினார். காவற்காரரிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசினார். காவற்காரர் மழையில் இறங்கிப் போய், மலையிலிருந்து இரண்டு சிரட்டையோடு நனைந்து திரும்பினார். அதன் முதுகுகளையும் அலன் ஐயா விரலால் தடவிப் பார்த்தார். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

“ஹரி,” என்றார் கடைசியில், சிங்களத்தில் சரியென்று. “பால் வெளிய போகல. மண்ணுலதான் போயிருக்கு. அது எனக்கு வெளங்குது.”

எஸ்தர் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். அருள்செல்வியின் பக்கம் திரும்பினாள். காலையில் வைத்திருந்த பார்வை இல்லை அது. அந்த ஒரு நொடிக்காக எத்தனை மழையிலும் இறங்கி வரலாம் என்று அருள்செல்விக்குத் தோன்றியது.

“ஆனா ஒண்ணு,” என்று அலன் ஐயா பேனாவை மறுபடி எடுத்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மலையில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒருத்தி தன் பிள்ளையை முன்னால் அனுப்பிச் சிரட்டையைக் கவிழ்க்க வைத்து, மரத்தில் பால் இல்லை என்று காட்டிவிட்டு, மண்ணில் உறைந்ததை அந்தியில் பொறுக்கி ரோட்டில் விற்றாள். தாய்மார் சொல்லிக் கொடுக்காமல் சின்னப் பிள்ளைகளுக்குச் சிரட்டை கவிழ்க்கத் தோன்றாது என்றார். இஸ்கோலையில் பாதிப் பேர் பஜார்ப் பிள்ளைகள், அவர்களுக்கு இந்த வேலையே தெரியாது என்றார். அதனால் அதையும் எழுதித்தான் ஆகவேண்டும், துரை கேட்பார்.

இந்தக் கோணத்தில் அருள்செல்வி யோசித்திருக்கவில்லை. பின்னால், தூணோரமாக, காலிப் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெனிட்டா நின்றாள். எஸ்தர் மகளைப் பார்த்து, நனைந்த தலையைத் துடைக்கும்படி சைகை காட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிக் கொடுத்தது யாரென்று தாய்க்கு இன்னும் தெரியாது.

அலன் ஐயா தாளைத் திருப்பி ஒரு புது வரி தொடங்கினார். அவருடைய குரலில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை.

“சொல்லுங்க டீச்சர், கவுத்தி வைக்கணும்னு மத்தப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரோட புள்ள?”